ஒரு பெட்டி, அறுபது ஆட்டம்

காசு போட்டு ஆடும் பழைய ஆர்கேட் இயந்திரத்தைப் பல விளையாட்டுப் பெட்டியாக மாற்றுவது உயிர் கொடுப்பதா, உயிர் எடுப்பதா? அமெரிக்காவின் கராஜ்களில் ஓயாமல் நடக்கும் சண்டையின் பின்கதை.

1981. அமெரிக்காவின் மேற்குக் கரையில் சியாட்டில் நகரை ஒட்டிய டக்வில்லா. வாடகைக்கு எடுத்த கிடங்கு ஒன்றில் ஆள் உயரச் சிவப்புப் பெட்டிகள் வரிசை கட்டி நிற்கின்றன. எல்லாவற்றிலும் ஒரே ஆட்டம்தான். பெயர் ‘ரேடார் ஸ்கோப்’, விண்வெளிச் சண்டை. நின்டெண்டோவின் அமெரிக்கக் கிளைத் தலைவர் மினோரு அரகாவா இதை நம்பி 3,000 பெட்டி ஆர்டர் கொடுத்திருந்தார். ஜப்பானிலிருந்து கப்பல் ஆடி அசைந்து வந்து சேர்வதற்குள் விண்வெளிச் சண்டையே அமெரிக்கப் பையன்களுக்குச் சலித்துவிட்டது. ஆயிரம் பெட்டி எப்படியோ விற்றது. மிச்சம் இரண்டாயிரம், தூசி குடித்துக்கொண்டு நின்றது.

ஜப்பானில் முதலாளி ஹிரோஷி யமவுச்சி. அரகாவாவின் மாமனார். இந்தப் பெட்டிகளைத் திருப்பி அனுப்பக் கப்பல் கூலி கட்டாது. இதே பெட்டிக்குள் போட வேறு ஆட்டம் செய்து அனுப்புங்கள் என்று கேட்டார் மருமகன். அதுவரை ஒரு விளையாட்டையும் தன் பொறுப்பில் உருவாக்கியிராத ஷிகெரு மியாமோட்டோ என்ற இளம் ஓவியரிடம் அந்த வேலை போனது. சில மாதத்தில் டக்வில்லாவுக்குப் பார்சல் வந்தது. உள்ளே முழு இயந்திரம் கிடையாது. ஆட்டம் அடங்கிய மின்சுற்றுப் போர்டு, முகப்புக் கண்ணாடி, படங்கள், அவ்வளவுதான். அரகாவா, அவர் மனைவி யோகோ, விரல்விட்டு எண்ணக்கூடிய ஊழியர்கள் என்று எல்லாருமாகச் சேர்ந்து ஒவ்வொரு பெட்டியாகப் பின்கதவைத் திறந்தார்கள். பழைய போர்டைக் கழற்றி, புதியதை மாட்டி, கண்ணாடியை மாற்றி, அடுத்த பெட்டி.

அந்தப் புது ஆட்டம்தான் ‘டாங்கி காங்’. அமெரிக்காவில் சுமார் 60,000 இயந்திரங்கள் விற்றன. அந்தக் கிடங்கின் சொந்தக்காரர் பெயர் மாரியோ சீகேல். வாடகை பாக்கி கேட்டுச் சத்தம் போட வந்த அவருடைய பெயரைத்தான் ஆட்டத்தில் பீப்பாய் தாண்டும் மீசைக்காரத் தச்சனுக்குச் சூட்டினார்கள் என்று ஒரு கதை நின்டெண்டோ வட்டாரத்தில் உண்டு. வாடகையைவிட நல்ல வரும்படிதான்!

இந்தக் கிடங்குக் காட்சியை முதலில் வைக்கக் காரணம் இருக்கிறது. நாற்பது ஆண்டுக்கு மேல் ஆன பிறகு, அதே காலத்துப் பெட்டிகளின் அதே பின்கதவைத் திறந்து, உள்ளே இருப்பதை உருவிவிட்டு, அறுபது ஆட்டம் ஓடும் போர்டு ஒன்றைச் செருகுகிறவர்களைப் பார்த்துச் சேகரிப்பாளர்கள் கொதிக்கிறார்கள். மாட்டுகிறவர்களோ, “செத்துக் கிடந்ததை எழுப்பி உட்கார வைத்தோம், அதற்கா திட்டு?” என்கிறார்கள். இரண்டு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. ஆனால், பெட்டி பிறந்த நாளிலிருந்தே அதை மாற்றிக்கொண்டுதான் இருந்தார்கள் என்பதை இரண்டு தரப்புமே வசதியாக மறந்துவிடுகிறது.

காசு விழுந்தால்தான் சாமி

ஆர்கேட் இயந்திரம் எப்போதுமே வியாபாரச் சாமான். 1972-ல் கலிஃபோர்னியாவின் சன்னிவேலில் ஒரு மதுக்கடையில் அடாரி தன் முதல் ‘பாங்’ இயந்திரத்தை வைத்தது. சில நாளில் “மிஷின் ஓடவில்லை” என்று புகார். திறந்து பார்த்தால், நாணயம் விழும் டப்பா நிரம்பி வழிந்து அடைத்துக்கொண்டிருந்தது. 1981-ல் மட்டும் அமெரிக்கர்கள் இப்படி 2,000 கோடி கால்-டாலர் நாணயங்களைப் போட்டார்கள் என்று 1982 ஜனவரியில் டைம் இதழ் எழுதியது. 500 கோடி டாலர்!

ஆனால் எந்த ஆட்டமும் சில மாதம்தான். பையன்களுக்கு நுணுக்கம் பிடிபட்டுவிட்டால் ஒரே நாணயத்தில் அரை மணி நேரம் ஆடுவார்கள். வசூல் படுத்துவிடும். இயந்திரத்தை வாங்கிக் கடைகளில் வைத்திருப்பவருக்கு அதன் மேல் பாசம் ஏது? புது இயந்திரம் இரண்டாயிரம் டாலருக்கு மேல். அதில் ஒரு பங்கு விலைக்கு மாற்று ‘கிட்’ கிடைக்கிறது என்றால் அதைத்தான் வாங்குவார். பக்கவாட்டுப் படத்தின் மேல் கறுப்புப் பெயின்ட். மேலே புதுப் பெயர்ப்பலகை. நேற்றுவரை விண்கலம், இன்று முதல் கராத்தே. 1983-ல் தொழில் சரிந்த பிறகு இது கிட்டத்தட்ட விதியாகவே ஆகிப்போனது. நின்டெண்டோவே தன் டாங்கி காங் பெட்டிகளை ‘விஎஸ். சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ போன்றவையாக மாற்ற கிட் விற்றது.

இந்த மாற்று வேலையின் உச்சம் ‘மிஸ் பேக்-மேன்’. டக் மெக்ரே, கெவின் கரன் என்று மாசசூசெட்ஸ் எம்.ஐ.டி.யில் படித்துக்கொண்டே விடுதியில் இயந்திரம் வைத்துக் காசு பார்த்த இருவர். தங்கள் ‘மிஸைல் கமாண்ட்’ பெட்டிகளில் வசூல் குறைந்ததும், ஆட்டத்தைக் கடினமாக்கும் துணைப் போர்டு ஒன்றைத் தாங்களே செய்து மாட்டினார்கள். வசூல் ஏறியது. அதை ஊருக்கே விற்றார்கள். அசல் ஆட்டத்தைச் செய்த அடாரி வழக்குப் போட்டது, சமரசமாக முடிந்தது. இனிமேல் அசல் கம்பெனியின் அனுமதி இல்லாமல் இப்படிப்பட்ட போர்டு விற்கக் கூடாது என்பது ஒப்பந்தம். அப்போது அவர்கள் கையில் பேக்-மேனுக்காகச் செய்த இன்னொரு போர்டு தயாராக இருந்தது. நேராக, பேக்-மேனை அமெரிக்காவில் விற்ற மிட்வே கம்பெனியிடம் கொண்டுபோய்க் காட்டினார்கள். 1982-ல் அது மிஸ் பேக்-மேனாக வெளிவந்து ஒரு லட்சத்துக்கும் மேல் விற்றது.

அந்த இயந்திரத்தைத் திறந்து பார்த்தால் விஷயம் கண்கூடு. அடியில் இருப்பது சாதாரண பேக்-மேன் போர்டு. அதன் மூளையான இசட்-80 சிப்பைச் சாக்கெட்டிலிருந்து பிடுங்கி, அந்த இடத்தில் பட்டைக் கேபிள் ஒன்றைக் குத்தியிருப்பார்கள். கேபிளின் மறுமுனையில் துணைப் போர்டு. பிடுங்கிய சிப் அதில் உட்கார்ந்திருக்கும். இன்று பேக்-மேன் இயந்திரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட ஆட்டம் ஓட விற்கப்படும் கிட்களும் இதே சாக்கெட் வழியாகத்தான் உள்ளே நுழைகின்றன.

ஐம்பத்தாறு கால் பூரான்

அமெரிக்காவில் ஆட்டம் என்றால் பெட்டி, பெட்டி என்றால் ஆட்டம். மரத்தின் மேலேயே ஓவியம் அச்சாகியிருக்கும். ஜப்பானில் கதையே வேறு. அங்கே கடைக்காரர் பெட்டியை ஒருமுறை வாங்குவார். பிறகு போர்டை மட்டும் வாங்கி வாங்கி மாற்றுவார். வி.சி.ஆர். வாங்கிவிட்டு கேசட் மாற்றுவது போல. செகாவின் ‘ஆஸ்ட்ரோ சிட்டி’ போன்ற பெட்டிகள் வெள்ளை வெளேரென்று, எந்த ஆட்டத்தின் படமும் இல்லாமல் இருப்பதற்கு அதுதான் காரணம்.

இதற்கு அச்சாணியாக 1985-ல் வந்தது ‘ஜாமா’. ஜப்பானிய கேளிக்கை இயந்திரத் தயாரிப்பாளர் சங்கத்தின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம் அது. ஒரு பக்கம் 28, மறுபக்கம் 28, ஆக 56 தொடர்புகள் கொண்ட ஒரே கனெக்டர். மின்சாரம், படம், ஒலி, இரண்டு பேருக்கான ஜாய்ஸ்டிக், ஆளுக்கு மூன்று பட்டன், நாணயம் விழுந்த சைகை எல்லாமே அந்தப் பூரான் வழியாகத்தான் போகும். எந்தக் கம்பெனி போர்டும் எந்தப் பெட்டியிலும் பொருந்தும். 1991-ல் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ ஆளுக்கு ஆறு பட்டன் கேட்டபோது பூரானுக்குக் கால் போதாமல் போய், தனியாக இன்னொரு ஒயர்க்கட்டு இழுக்க வேண்டிவந்தது.

எஸ்.என்.கே. கம்பெனி இன்னும் ஒரு படி போனது. 1990-ல் வந்த அதன் ‘நியோ ஜியோ எம்.வி.எஸ்.’ பெட்டியின் பெரிய ரகத்தில் ஆறு கேட்ரிட்ஜ் வரை செருகலாம். எது வேண்டுமோ அதை ஆடுகிறவரே தேர்ந்தெடுத்துக்கொள்வார். பல ஆட்டப் பெட்டி என்பது ஏதோ இன்றைய ஒட்டுவேலை என்று திட்டுகிறவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.

நம் ஊர் வீடியோ கேம் கடைகளுக்கும் இந்தக் கனெக்டரோடு உறவு உண்டு. பையன்கள் ‘முஸ்தபா கேம்’ என்று கொண்டாடிய ஆட்டத்தின் அசல் பெயர் ‘கேடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ்’, 1993-ல் கேப்காம் வெளியிட்டது. அதில் வரும் நால்வரில் ஒருவன்தான் முஸ்தபா. பெட்டியின் மேல் எழுதியிருந்த பெயருக்கும் உள்ளே ஓடிய ஆட்டத்துக்கும் சம்பந்தம் இல்லாமல் இருந்தால், அதற்குக் காரணம் இந்த மாற்றிப் போடும் பழக்கம்தான்.

■ பெட்டிச் செய்தி: ஒரே பெட்டி, நான்கு வழி

சாக்கெட் கிட்: அசல் போர்டு அப்படியே இருக்கும். சிப் இருக்கும் இடத்தில் சிறு போர்டு ஒன்றைச் செருகினால் அதே குடும்பத்து ஆட்டங்கள் கூடுதலாக ஓடும். பிடுங்கினால் பழையபடி ஆகிவிடும்.

பல ஆட்டப் போர்டு: ‘60-இன்-1’ என்று சந்தையில் பெயர் எடுத்த சீனப் போர்டுகள். ஜாமா கனெக்டரில் நேராகச் செருகலாம். நூறு டாலருக்குள் வேலை முடியும்.

கம்ப்யூட்டர்: பெட்டிக்குள் பழைய கம்ப்யூட்டரோ ‘ராஸ்பெர்ரி பை’ என்ற குட்டிக் கம்ப்யூட்டரோ வைத்து, பழைய போர்டைப் போல நடிக்கும் எமுலேட்டர் மென்பொருளை ஓட்டுவது. ஜாய்ஸ்டிக் அசைவைக் கீபோர்டு அழுத்தமாக மாற்றித் தரும் சிறு போர்டு நடுவில் தேவை.

எஃப்.பி.ஜி.ஏ.: பழைய சிப்களின் மின்சுற்றையே இன்னொரு சிப்புக்குள் மறுபடி வரைந்துகொள்ளும் வழி. 2017-ல் தொடங்கிய ‘மிஸ்டர்’ திட்டம் இதில் பிரபலம்.

இத்தாலிக்காரர் திறந்த கதவு

1997 பிப்ரவரி 5. இத்தாலியைச் சேர்ந்த நிகோலா சால்மோரியா ‘மேம்’ என்ற மென்பொருளின் முதல் வடிவத்தை வெளியிட்டார். பழைய போர்டில் உள்ள சிப்கள் என்ன செய்யுமோ அதைக் கம்ப்யூட்டரில் அப்படியே நடித்துக் காட்டும் மென்பொருள். பேக்-மேன் வகையறா சில ஆட்டங்களோடு தொடங்கியது, இன்று ஆயிரக்கணக்கானவற்றை ஓட்டுகிறது. பழைய போர்டுகள் எப்படி வேலை செய்தன என்பதை ஆவணப்படுத்துவதுதான் தங்கள் நோக்கம், ஆட முடிவது கூடுதல் லாபம் என்பது அந்தக் குழு விடாமல் சொல்லும் பேச்சு. ஊர் அந்தக் கூடுதல் லாபத்தை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

மேம் வந்ததும் காலிப் பெட்டிக்கு மதிப்பு கூடியது. கடை மூடியவர்கள் கிடங்கில் போட்டு வைத்த, போர்டு செத்த, திரை செத்த பெட்டிகள் ஐம்பது, நூறு டாலருக்குக் கைமாறத் தொடங்கின. அப்பாக்கள் வேனில் ஏற்றிக் கராஜுக்குக் கொண்டுவந்தார்கள். பிறகு வந்தன 60-இன்-1 போர்டுகள். மென்பொருள் தெரியாதவரும் ஸ்க்ரூடிரைவர் பிடிக்கத் தெரிந்தால் போதும் என்றாயிற்று. சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது. செத்த பெட்டி கிடைக்காத இடத்தில், ஓடிக்கொண்டிருந்த பெட்டிகளின் மேல் கை வைத்தார்கள்.

பின்கதவைத் திறந்தால்

ஒரு பேக்-மேன் பெட்டியையே எடுத்துக்கொள்வோம். மஞ்சள் மரப்பெட்டி, 19 அங்குலத் திரை செங்குத்தாக நிற்கும். முன்னால் ஒரே ஒரு ஜாய்ஸ்டிக், தொடங்குவதற்கு இரண்டு பட்டன். சுடுவதற்கு, குதிக்க என்று எதுவும் இல்லை. பேக்-மேனுக்குத் தின்பது ஒன்றுதானே வேலை! கட்டுப்பாட்டுப் பலகையின் ஓரத்தில் அநேகமாகச் சிகரெட் சுட்ட தழும்புகள் இருக்கும். அக்காலத்து ஆட்டக்காரர்கள் கையை எடுக்க முடியாத நெருக்கடியில் அங்கேதான் சிகரெட்டை வைத்தார்கள். அந்தத் தழும்புக்குக்கூட இப்போது ரசிகர்கள் உண்டு.

பின்கதவு திறந்ததும் அடியில் கனத்த டிரான்ஸ்ஃபார்மர். இந்த போர்டு ஒரு விசித்திரம்: மின்சாரத்தை ஏ.சி.யாகவே வாங்கித் தனக்குள் டி.சி.யாக மாற்றிக்கொள்ளும். 44 தொடர்புள்ள கனெக்டரின் வழியே அவ்வளவு மின்சாரமும் ஏறுவதால் பல போர்டுகளில் அந்த முனை கருகிப்போயிருக்கும். “போர்டு செத்துவிட்டது” என்று தூக்கிப் போட்டவற்றில் எத்தனையோ வெறும் கனெக்டர் கருகியவைதான். அங்கே கொஞ்சம் ஈயம் வைத்திருந்தால் ஓடியிருக்கும்.

இதில் 60-இன்-1 மாட்ட வருகிறார் ஒருவர். ஜாமா போர்டுக்கு 5 வோல்ட், 12 வோல்ட் டி.சி. வேண்டும். எனவே புதிய பவர் சப்ளை. கனெக்டர் பொருந்தாது. அடாப்டர் ஒன்று வாங்கினால் போதும், பழைய ஒயர்க்கட்டைத் தொடவே வேண்டாம். அவசரக்காரர் என்ன செய்கிறார்? கட்டிங் பிளேயரை எடுத்து ஒயர்க்கட்டை நறுக்குகிறார். அடுத்து, ‘கேலகா’ ஆடச் சுடும் பட்டன் வேண்டுமே என்று கட்டுப்பாட்டுப் பலகையில் ட்ரில் போடுகிறார். தகரத்தில் விழுந்த அந்த ஓட்டையை இனி எந்த மெக்கானிக்கும் எளிதில் அடைக்க முடியாது.

அப்புறம் ஜாய்ஸ்டிக். பேக்-மேன், டாங்கி காங் போன்றவை நான்கு திசைக்கு மட்டும் செய்யப்பட்டவை. பல ஆட்டம் என்று வந்துவிட்டால் எட்டுத் திசை ஜாய்ஸ்டிக் போடத் தோன்றும். போட்டால் மூலையில் திரும்பும்போது கை லேசாகக் குறுக்கே சரிந்தாலே ஆட்டத்துக்கு இரண்டு திசையும் ஒரே நேரத்தில் கேட்கும். பேக்-மேன் திரும்பாமல் முட்டிக்கொண்டு நிற்பான், பேய் வந்து பிடித்துவிடும். பழைய ஆட்டக்காரர்கள் “கை சரியில்லை” என்று எரிச்சலோடு எழுந்து போவது பெரும்பாலும் இதனால்தான். தவறு கையில் இல்லை, பலகைக்கு அடியில் இருக்கிறது.

எல்லா ஆட்டமும் வேண்டும் என்ற ஆசை எல்லை மீறினால் பலகை அகன்றுகொண்டே போகும். ‘சென்டிபீட்’ ஆட உருளும் பந்து. ‘டெம்பஸ்ட்’ ஆடச் சுழலும் குமிழ். ‘ரோபோட்ரான்’ ஆட இரட்டை ஜாய்ஸ்டிக். ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர்’ ஆட ஆளுக்கு ஆறு பட்டன். கடைசியில் இரண்டு முழம் அகலத்தில் விமானி அறை போல ஒன்று நிற்கும். அந்தத் துறையில் அதைக் கிண்டலாக ‘ஃப்ராங்கன் பேனல்’ என்பார்கள். அறுபது ஆட்டம் ஓடும், ஒன்றுகூடக் கைக்கு வசமாக இருக்காது.

திரையை விட்டுப் போகாத பேய்

பெட்டியிலேயே விலை மதிக்க முடியாததாக ஆகிவிட்டது பிக்சர் டியூப்தான். ஆர்கேட் மானிட்டர்களுக்குப் பேர்போன சிகாகோவின் வெல்ஸ்-கார்ட்னர் கம்பெனியே 2014-ல் மூடப்பட்டது. இன்று புது டியூப் செய்வார் இல்லை. இருப்பவற்றைக் கப்பாசிட்டர் மாற்றி மாற்றி ஓட்டுகிறார்கள்.

தட்டைத் திரை போட்டால் என்ன என்று கேட்கலாம். போடலாம், படம் வரும். ஆனால் அந்த ஆட்டங்களின் படங்களை வரைந்தவர்கள் டியூபின் மினுக்கத்தையும் கோடுகளையும் கணக்கில் வைத்தே வரைந்தார்கள். பேக்-மேனின் மொத்தப் படமே 224-க்கு 288 புள்ளிதான். டியூபில் அந்தப் புள்ளிகள் ஒன்றோடொன்று குழைந்து உருண்டையாகத் தெரியும். தட்டைத் திரையில் ஓரம் வெட்டிய சதுரங்களாக நிற்கும். ‘ஆஸ்டராய்ட்ஸ்’ போன்ற வெக்டர் ஆட்டங்களின் நிலை இன்னும் மோசம். அவற்றில் மின்கதிர் நேரடியாகக் கோடு இழுக்கும். குண்டு கண் கூசும் பொட்டாக எரியும். அந்த ஒளியைத் தட்டைத் திரையில் கொண்டுவர இன்றும் தடுமாறுகிறார்கள்.

டியூபுக்கு இன்னொரு குணம் உண்டு, அதற்கு ஞாபகம் அதிகம். வருடக்கணக்கில் ஒரே படம் ஓடினால் பாஸ்பர் பூச்சில் அது தழும்பாகப் படிந்துவிடும். பேக்-மேன் ஓடிய டியூபை மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள். சாம்பல் கண்ணாடியில் அந்தப் புதிர்ப்பாதை மங்கலாகத் தெரியும். அந்தப் பெட்டியில் வேறு ஆட்டம் மாட்டினாலும், விண்கலத்துக்குப் பின்னால் அதே பாதை கோடு கோடாக நின்றுகொண்டிருக்கும். கறுப்புப் பெயின்ட் பூசிய அனாதைப் பெட்டிகளை வாங்குகிறவர்கள் முதலில் பார்ப்பது இந்தத் தழும்பைத்தான். பெட்டியின் ஜாதகம் அதில் எழுதியிருக்கும்.

■ பெட்டிச் செய்தி: கை வைப்பதற்கு முன்

பிக்சர் டியூபில் 20,000 வோல்ட்டுக்குக் குறையாத மின்னழுத்தம் உண்டு. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது டியூபில் தங்கியிருக்கும். பழகியவர்கள், தரையிணைப்புக்கு ஒயர் கிளிப் மாட்டிய ஸ்க்ரூடிரைவரை டியூபின் ரப்பர் தொப்பிக்கு அடியில் செருகி, அதை முதலில் வடிய விடுவார்கள். ‘பட்’டென்று ஒரு சத்தம் கேட்கும். இந்த வேலை தெரியாதவர் தொடவே கூடாது.

பழைய மானிட்டர்களில் பலவற்றுக்கு ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் அவசியம். பெட்டிக்குள் இடம் வேண்டும் என்று அதைக் கழற்றி எறிந்தால் மானிட்டரின் சட்டமே ஷாக் அடிக்கும்.

போர்டுக்குப் போகும் 5 வோல்ட்டை மீட்டர் வைத்து அளந்த பிறகே இணைக்க வேண்டும். கொஞ்சம் குறைந்தாலும் ஆட்டம் தானாக மறுபடி தொடங்கும், அதிகமானால் சிப் போகும்.

கழற்றிய போர்டு, கண்ணாடி, திருகு எதையும் குப்பையில் போடாதீர்கள்.

எந்தப் பெட்டியில் ஆடினாய்?

‘எது அசல், எது நடிப்பு’ என்ற கேள்வி ஒருமுறை நீதிமன்றம் வரை போனது. டாங்கி காங் ஸ்கோர்களால் புகழ்பெற்ற பில்லி மிட்செலைப் பற்றி 2007-ல் வந்த ‘தி கிங் ஆஃப் காங்’ ஆவணப்படம் பேசியது. ஆட்டச் சாதனைகளைப் பதிவுசெய்யும் ‘ட்வின் கேலக்ஸிஸ்’ 2018 ஏப்ரலில் அவருடைய ஸ்கோர்கள் அனைத்தையும் நீக்கியது. அவர் சான்றாகக் காட்டிய வீடியோவில் உள்ள ஆட்டம் மாற்றப்படாத அசல் போர்டிலிருந்து வந்ததல்ல என்பது அதன் முடிவு. மிட்செல் மறுத்தார், வழக்குப் போட்டார். 2024 ஜனவரியில் சமரசம் ஆகி, ஸ்கோர்கள் வரலாற்றுப் பதிவுப் பட்டியலில் மறுபடி சேர்க்கப்பட்டன.

யார் சொன்னது சரி என்று இங்கே தீர்ப்பு எழுதப் போவதில்லை. சுவாரசியம் வேறு இடத்தில் இருக்கிறது. சர்ச்சை முழுக்கச் சுழன்றது கண் இமைக்கும் நேரத்துக்குள் முடிந்துவிடும் ஒரு காட்சியைச் சுற்றித்தான்: ஒரு கட்டம் முடிந்து அடுத்த கட்டத்தின் இரும்புச் சட்டங்கள் திரையில் எந்த வரிசையில் தோன்றுகின்றன? அசல் போர்டு ஒரு விதமாக வரையும், அந்தக் கால மேம் வேறு விதமாக வரையும். திரை நொடிக்குச் சுமார் 60 முறை புதுப்பிக்கப்படுகிறது. ஒரு படத்தின் ஆயுள் ஏறக்குறைய 17 மில்லி விநாடி. வீட்டில் பொழுதுபோக்குக்கு ஆடுகிறவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. சாம்பியனுக்கு அந்த இடைவெளியில்தான் மானம் இருக்கிறது.

போர்டு யாருடையது, ஆட்டம் யாருடையது?

மாற்றுப் போர்டு விற்பவர்களுக்கும் அசல் கம்பெனிகளுக்கும் சண்டை பழசு. ‘கேலக்ஸியன்’ ஆட்டத்தை வேகப்படுத்தும் போர்டை விற்ற ஆர்டிக் கம்பெனியின் மேல் மிட்வே தொடுத்த வழக்கில், 1983-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் மிட்வே பக்கம் நின்றது. வேகத்தைக் கூட்டினாலே அது அசலிலிருந்து உருவான இன்னொரு படைப்பு, அதற்கும் உரிமை வேண்டும் என்றது.

60-இன்-1 போர்டுகளின் சங்கதி இன்னும் தெளிவு. அவற்றில் உள்ள ஆட்டங்களுக்குப் பெரும்பாலும் யாரிடமும் அனுமதி வாங்கியதில்லை. மேம் மென்பொருளின் உரிமமும் 2016-ல் மாறும்வரை வணிகப் பயன்பாட்டுக்குத் தடை போட்டிருந்தது. இலவசமாக உழைத்தவர்களின் வேலையை எடுத்துக் காசாக்கினார்கள் என்ற மனத்தாங்கல் மேம் குழுவினருக்கு இன்றும் உண்டு. கடையில் வைத்து நாணயம் வசூலிப்பவர் கையில் உரிமை இல்லையென்றால் அவர் சட்டத்துக்கு வெளியே நிற்கிறார்.

சரி, உரிமை உள்ளவர்களிடமே வாங்கிவிடலாம் என்றால் அவர்கள் விற்பதும் கொஞ்சம்தான். மிஸ் பேக்-மேனையும் கேலகாவையும் சேர்த்து ஒரே பெட்டியில் நாம்கோவே 2000-களின் தொடக்கத்தில் விற்றது. ஆனால் கல்லா கட்டும் சில புகழ்பெற்ற ஆட்டங்களுக்குத்தான் அந்த யோகம். அமெரிக்காவில் வெளியான பழைய வீடியோ கேம்களில் 87 சதவீதம் இன்று கடையில் கிடைக்காது என்று 2023-ல் வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை கணக்கெடுத்துச் சொன்னது. அவற்றில் ஏதாவது ஒன்றை ஆட ஆசைப்படும் சாதாரண ஆளுக்குத் திருட்டு நகலைத் தவிர வேறு வழி காட்டுவார் இல்லை. உரிமைக்காரர்கள் கோபப்படுவதற்கு முன் இதையும் யோசிக்கட்டும்.

வெட்டாத வரைக்கும் சரி

என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். ஏற்கெனவே ஒருமுறை மாற்றப்பட்ட, போர்டும் இல்லாத, படமும் இல்லாத பெட்டியில் என்ன வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளுங்கள். அதற்கு முன்னோர் சாபம் எதுவும் வராது. 2018 முதல் ஆர்கேட்-ஒன்-அப் விற்கும் முக்கால் அளவுப் புதுப் பெட்டிகளைப் பிரித்து மேய்கிறவர்களும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஓவியம் அழியாமல், சொந்த போர்டு சொந்த டியூபோடு ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பெட்டியில் ட்ரில் வைப்பது, கோயில் தேரில் ஆணி அடித்துப் பிளாஸ்டிக் நாற்காலி போடுவதற்குச் சமம்.

அசல் என்பதையே கையெடுத்துக் கும்பிடும் கூட்டத்தோடும் எனக்கு ஒத்துப்போகாது. அசலும் சாகிறது. கேப்காமின் சிபிஎஸ்-2 போர்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். திருட்டு நகலைத் தடுக்க, ஆட்டத்தைத் திறக்கும் ரகசியச் சாவியை ஒரு சிறு பேட்டரி தாங்கும் நினைவகத்தில் வைத்தார்கள். பேட்டரி தீர்ந்தால் சாவி அழியும். போர்டு வெறும் தகடு. ‘தற்கொலை பேட்டரி’ என்றே அதற்குப் பெயர். 2007-ல் அந்தப் பூட்டை உடைத்தவர்கள் எமுலேட்டர் உலகத்து ஆட்கள்தான், அதில் மேம் தொடங்கிய சால்மோரியாவும் ஒருவர். யாரைச் சேகரிப்பாளர்கள் திட்டினார்களோ அவர்கள் கண்டுபிடித்ததை வைத்துத்தான் இன்று செத்த போர்டுகள் எழுந்து உட்காருகின்றன.

நியூ ஹாம்ப்ஷயரின் ஃபன்ஸ்பாட், இல்லினாயின் கேலோப்பிங் கோஸ்ட் போன்ற இடங்களில் நூற்றுக்கணக்கான பெட்டிகள் அசல் போர்டோடு இன்றும் ஓடுகின்றன. ஓட வைப்பது மெக்கானிக்குகள். ஒன்று சரியானால் இன்னொன்று படுக்கும். அதே நேரம் வீட்டுக் கராஜ்களில் எதிர்த்திசையில் ஒரு வேலை நடக்கிறது. கறுப்புப் பெயின்டை ஹீட் கன்னால் இளக்கி, மெல்லிய தகட்டால் துளித் துளியாகச் சுரண்டுகிறார்கள். அடியிலிருந்து பழைய ஓவியம் எட்டிப் பார்க்கும். ஒரு பக்கத்தைச் சுரண்டி முடிக்கவே பல நாள் ஆகும். எண்பதுகளில் ஒரு கடைக்காரர் பத்து நிமிடத்தில் பூசிய பெயின்ட் அது.

அந்தச் சிவப்புப் பெட்டிகளின் கதி என்ன ஆயிற்று? டாங்கி காங் பின்னால் நீலப் பெட்டியில் வந்ததால், தொடக்க காலச் சிவப்புப் பெட்டிக்கு இன்று தனி மவுசு. ரேடார் ஸ்கோப்போ கண்ணில் படுவதே அபூர்வம். இருந்தவற்றைத்தான் டக்வில்லாவில் உருவிவிட்டார்களே. சிவப்பு டாங்கி காங் ஒன்று கையில் சிக்கினால் அதை ரேடார் ஸ்கோப்பாகத் திருப்ப வேண்டுமா, அரகாவாவும் யோகோவும் மாற்றிய கோலத்திலேயே விட வேண்டுமா? எது அசல் என்று கேட்டால், அறுபது ஆட்டப் போர்டு மாட்டுகிறவர்களைத் திட்டுகிறவர்கள்கூட இந்தப் பெட்டியின் முன்னால் கொஞ்சம் தலையைச் சொறிகிறார்கள்.